அவர் வாயால் வர வேண்டிய பேர்

எங்கள் பேங்க் கிளையில் இருந்த ஒரே போனுக்கு டயல் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் "நம்பர் ப்ளீஸ்" என்பார். நம்பரைச் சொன்னால் அவர் இணைத்துக் கொடுப்பார். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களும் அவர் கை வழியாகத்தான் வந்து சேர வேண்டும். மேனேஜர் அறை வரைக்கும் வயர் எட்டவில்லை என்று அந்தக் கறுப்புப் போனை என் மேஜை மூலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மணி அடித்தால் எடுப்பது என் வேலை ஆயிற்று. எனக்கு அதில் பெருமைதான். தேனி கடைவீதியில் எங்கள் வீட்டிலும் போன் இல்லை, அப்பாவின் கடையிலும் இல்லை. பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான், அந்தக் கிளையில் இருந்த ஒரே பெண். "ஹலோ, பேங்க்" என்று சொல்லும்போது என் குரலே வேறு மாதிரி ஆகிவிடுகிறது என்று கேஷியர் கேலி செய்வார். ஆகத்தான் செய்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது கிளை. வருகிறவர்கள் பாதிப் பேர் திராட்சை, வாழை போட்டவர்கள். மீதிப் பேர் ஏலக்காய் வியாபாரிகளும் கடைக்காரர்களும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அந்தத் தெரிந்ததை வைத்துத்தான் பேங்கே நடந்துகொண்டிருந்தது, ஒரு கூத்து நடக்கும் வரை.

போடிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் பேரைச் சொல்லி யாரோ போன் செய்து, "நம்ம டிராஃப்ட் வந்துருச்சா?" என்று உரிமையோடு கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்களில் ஒருவர் குரலை நம்பி, "வந்துருச்சுண்ணே" என்று தொகையோடு சொல்லிவிட்டார். கேட்டது அவருடைய போட்டிக்காரர். மறுநாள் அசல் ஆள் வந்து கவுன்ட்டரில் நின்று கத்திய கத்தலில் பாஸ்புக் வாங்க வந்தவர்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள். மேனேஜர் கும்பகோணத்துக்காரர், சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. அன்றைக்கே ஒரு தாளில் டைப் அடித்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். போனில் கூப்பிடுகிறவர் தன் பேர், கணக்கு நம்பர், கையெழுத்து அட்டையில் உள்ள தகப்பனார் அல்லது கணவர் பேர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அவர் வாயால் வர வேண்டும். நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் செல்லாது.

எனக்கு அந்தத் தாள் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதுவரை போனில் பேசுகிற ஆண்கள், "யாராச்சும் ஆம்பள ஆள் இருந்தாக் குடும்மா" என்பார்கள். தாள் வந்த பிறகு நான் கேள்வி கேட்க, அவர்கள் பதில் சொன்னார்கள். பெரிய தோட்டக்காரர் ஒருவரையே இரண்டு தடவை தகப்பனார் பேரைச் சொல்ல வைத்தேன். முதல் தடவையே எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

ஓடைப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். நாற்பது வயது இருக்கும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். கணவர் மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து, நெஞ்சில் சீக்கு வந்து வீட்டோடு படுத்துவிட்டவர். பன்னீர் திராட்சைப் பந்தலைக் கவாத்துப் பண்ணுவதிலிருந்து லாரியில் ஏற்றி விடுகிறது வரை எல்லாம் அந்த அக்காதான். ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் கொஞ்சம் கொண்டு வந்து போடுவார். "கெணறு வத்திக்கிட்டே போகுது தாயி. ஆழப்படுத்துனாத்தேன் பந்தல் பொழைக்கும். இது கெணத்துப் பணம். இதுல மட்டும் நான் கை வைக்கிறதில்ல," என்பார். ஒரு தடவை மஞ்சள் துண்டில் திராட்சையை முடிந்து கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். கேஷியருக்குக்கூடக் கொடுக்காமல் மொத்தத்தையும் நான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

ஒரு நாள் காலையில் கிளை திறந்ததும் போன் அடித்தது. ஒரே இரைச்சல், இரைச்சலுக்குள்ளிருந்து, "தாயி, நாந்தேன் பேசுறேன்" என்று குரல் வந்தது. அந்தத் தாயியைக் கேட்டதுமே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, "யார் பேசுறது?" என்றேன்.

பேரைச் சொன்னார். பாஸ்புக்கைப் பார்த்து நம்பரையும் படித்தார். பிறகு மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். கிணறு தோண்டுகிறவருக்கு முன்பணம் கொடுப்பதற்காக ஒரு செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாராம். அதைக் காணோம். கொழுந்தன் விடியக்காலையில் பெட்டியைத் திறந்ததை வேலைக்காரப் பெண் பார்த்திருக்கிறாள். ஆள் முதல் பஸ்ஸில் எங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த பஸ் மத்தியானம்தான்.

"தொகை எழுதல தாயி. அவரு இஷ்டத்துக்கு எழுதிக்கிருவாரு. கெணத்துப் பணம் பூராம் போயிரும். நான் வந்து சேர்ற வரைக்கும் குடுக்காம வையி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

நான் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கேள்விகளுக்குச் சரியாகப் பதில் வந்துவிட்டால், லெட்ஜரில் அவர் கணக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி, மேனேஜரிடம் சொன்னால் போதும். அன்று சாயங்காலம் வரை செக்கை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் அவர் நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிடுவார்.

"பேரும் நம்பரும் சரிக்கா. வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

"அவுக பேருதேன் ஒனக்குத் தெரியுமே தாயி. அட்டையில இருக்குல்ல."

"இருக்கு. நீங்க சொல்லணும்."

"அது எப்படித் தாயி நான் சொல்ல?"

கட்டினவன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்து அது தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் வீடு வேதக்கார வீடு. என் அம்மாவும் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஆனால் ராத்திரி ஜெபத்தில் ஆண்டவரிடம் அவர் பேரைச் சொல்லி வரிசையாகப் புகார் கொடுப்பார். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது ஒரு வேடிக்கை மாதிரிதான் தெரிந்தது. இவ்வளவு பணம் போகப் போகிறது, ஒரு பேரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"பழனி மலைமேல நிக்கிறாரே தாயி, அந்தச் சாமி பேருதேன்."

"அந்தச் சாமிக்கு எத்தனையோ பேர் இருக்குக்கா. அதுல எது?" பதில் நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

"போஸ்ட் ஆபீஸ்லருந்துதேன் பேசுறேன். போஸ்ட் மாஸ்டர் ஐயா இங்கனதேன் இருக்காக. அவுகளச் சொல்லச் சொல்லட்டா?"

"பக்கத்துல இருக்கவங்க சொன்னா செல்லாதுக்கா."

"அப்ப எழுதித் தாரேன். எழுதுனாத் தப்பில்ல."

"போன்ல எப்படிக்கா எழுதுவீங்க?" என்று சொல்லி நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். கேஷியர் திரும்பிப் பார்த்தார்.

அப்போது நடுவில் ஒரு ஆண் குரல் புகுந்தது. எக்ஸ்சேஞ்ச்காரர். "மேடம், அது அவுகதேன் மேடம். எஸ்டேட்டுக்கு அவுக வீட்டுக்காரருக்கு எத்தன டிரங்க் கால் நான் போட்டுக் குடுத்துருக்கேன். கொரல் எனக்கு நல்லாத் தெரியும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீங்க லைன்ல ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? பேங்க் விஷயம் பேசுறோம், உங்க மேல புகார் எழுதுவேன்," என்று சீறினேன். அவர் லைனிலிருந்து விலகிக்கொண்டார். அந்தக் கோபம் அவரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு ஆம்பளை வந்து சிபாரிசு செய்ததற்காகவே இனி விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது.

"அவுக படுக்கையில கெடக்காக தாயி," என்றார் அக்கா. குரலைத் தணித்துக்கொண்டார். போஸ்ட் ஆபீசில் ஆட்கள் நின்றிருப்பார்கள். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. நல்லா இருந்தாலாச்சும் பரவாயில்ல. இப்ப இருக்க இருப்புல நான் எப்படிச் சொல்லுவேன்? வேற எதுனாலும் கேளு. ஒனக்குத் தெராச்சை கொண்டாந்தேன்ல, மஞ்சத் துண்டுல முடிஞ்சு? மேசைக்கு அடியில வச்சேன்ல? அது ஒன்னையும் என்னையும் விட்டா யாருக்குத் தெரியும்?"

இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? உலகத்தில் எந்தத் திருடனாலும் சொல்ல முடியாத பதில் அது. எந்த அட்டையிலும் இல்லாதது, அதனாலேயே யாராலும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது. இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு நான் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "அது அட்டையில இல்லக்கா" என்றேன்.

சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையில் காத்திருந்தேன், ஜெயிக்கப் போகிறவள் மாதிரி. "சரி தாயி," என்றார். போன் வைக்கப்பட்டது.

மேனேஜரிடம் போய்ச் சொல்லாமல் இல்லை. இப்படி ஒரு போன் வந்தது சார், கணவர் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆளை உறுதி செய்ய முடியவில்லை என்றேன். குரல் எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. திராட்சையைச் சொல்லவே இல்லை. வாடிக்கையாளரிடம் பொருள் வாங்கியது தெரிந்துவிடுமே என்ற பயம். மேனேஜர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "உறுதி ஆகலைன்னா அது போனே இல்லைம்மா," என்றார்.

கொழுந்தன் சீக்கிரமே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, படிய வாரின தலை. என் கவுன்ட்டரில்தான் செக்கை நீட்டினார். தொகை வேறு மையில் இருந்தது. கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் விட்டுவிட்டு மீதியை வழித்து எழுதியிருந்தார். விவரம் தெரிந்த ஆள். நான் கையெழுத்து அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன். கையெழுத்து அச்சாகப் பொருந்தியது. அவருடையதுதானே, பொருந்தாமல் எங்கே போகும்?

"நீங்க யாரு?" என்று கேட்டேன்.

நான் கேட்டு முடிக்கும் முன்பே அண்ணன் பேரை முழுசாகச் சொன்னார். இன்னாருடைய தம்பி, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, மதனி அனுப்பினாக என்றார். அந்தப் பேர் அட்டையில் இருந்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தது. அக்காவின் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்ற பேர். அதைக் கேட்டதும் நான் டோக்கனைக் கொடுத்துவிட்டேன். வேறு வழி இல்லை, மேனேஜர் சொல்லிவிட்டார், கையெழுத்து சரி, தொகை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டோக்கனை நீட்டிய என் கை ஒரு நிமிஷம் தயங்கியதும் உண்மை. அந்தத் தயக்கத்தை மதித்திருந்தால் போதும். போனை எடுத்து அந்தக் கிராமத்துப் போஸ்ட் ஆபீசை நானே கூப்பிட்டு, இப்படி ஒரு அம்மாள் அங்கே நிற்கிறாரா என்று போஸ்ட் மாஸ்டரைக் கேட்டிருக்கலாம். அது தாளுக்கும் விரோதம் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு நாம் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மத்தியான பஸ்ஸில் அக்கா வந்தார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது போலிருக்கிறது. "வந்துட்டுப் போயிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கேஷியர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ரூல்ஸ்க்கா. என் கையில ஒண்ணும் இல்ல," என்றேன்.

"ஒன்னைச் சொல்லிக் குத்தமில்ல தாயி. நீ கேட்டதுக்கு நாந்தேன் சொல்லல," என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் பழியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போலீசுக்குப் போகலாமே என்று மேனேஜர் சொன்னதற்கு, "அவுக காதுக்குப் போனாத் தாங்க மாட்டாக சார்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பணத்தைக் கொழுந்தன் குமுளிக்கு மேலே ஏதோ ஏலக்காய்ப் பேரத்தில் போட்டுத் தொலைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் மேனேஜர் என்னைக் காட்டி, போனில் வருகிறவர்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்ளலாம் சார் என்றார். அதிகாரி, வெரி குட் என்றார். நான் சிரித்தேன். அன்று ராத்திரி வீட்டில் அம்மா ஜெபத்தை ஆரம்பித்தபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அக்கா கிணற்றை ஆழப்படுத்தவில்லை. அந்தக் கோடையில் உடன் வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் ஊர் வழியாகப் போக நேர்ந்தது. பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் பந்தலுக்குக் கீழே நிழல் கறுத்துக் கிடந்தது. ஒரு பந்தலில் மட்டும் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. கல்தூண்களும் கம்பியும் இருந்தன, கொடி சருகாகத் தொங்கிற்று. அது யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டு, அதுதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அந்த அக்கா மறுபடி போன் செய்தால் மூன்றாவது கேள்வியைக் கேட்பதில்லை என்று தீர்மானித்து வைத்திருந்தேன். மேனேஜர் என்ன சொன்னாலும் சரி. குரல் கேட்டதும், "சொல்லுங்கக்கா, நீங்கதான்னு தெரியுது" என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுகூட உண்டு.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்தப் போன் வந்தது. நான் ஹலோ என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடாமல் தன் பேரைச் சொன்னார், கணக்கு நம்பரைச் சொன்னார். என் வாக்கியத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பேரையும் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, முழுசாக, சத்தமாக. போஸ்ட் ஆபீசில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா..." என்றேன்.

"இப்பச் சொல்லலாம் தாயி. அவுக போயிட்டாக. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே சொன்னா ஒண்ணும் ஆகாது."

என்ன விஷயமாகக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேனா, தானாகச் சொன்னாரா, நினைவில்லை. தன் கணக்கில் யார் வந்து கேட்டாலும், எந்தக் காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாலும், தான் நேரில் வராமல் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் லெட்ஜரைத் திறந்தேன். அவர் பக்கத்தில் கொழுந்தன் விட்டுவிட்டுப் போன அந்தக் குறைந்தபட்சத் தொகை மட்டும் இருந்தது. அதற்கு எதிரே பென்சிலால் அவர் சொன்னதை எழுதினேன்.

"எழுதிட்டேன்க்கா."

"எல்லாம் சரியாச் சொல்லிட்டேனா தாயி?" என்று கேட்டார்.

சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்றேன்.